கட்டளை விளக்கி: கணிப்பொறியின் ஓடு வளர்ந்த வரலாறு

ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுச் செய்வது ஏவல். ஏவுவோரும் ஏவப்படுவோரும் ஒரே மொழியினராயின் இடையில் எவரும் வேண்டுவதில்லை. மொழி வேறுபடுமிடத்து, ஒருவர் சொல்லை மற்றவர்க்குப் பொருள்படுத்திக் கூறும் மூன்றாமவர் வேண்டும். மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் நடுவே அவ்வாறு நிற்கும் நிரலுக்குக் கட்டளை விளக்கி என்று பெயர் தரலாம். திரையில் ஒரு சிறு குறி தோன்றுகிறது. பொறியின் முன் அமர்ந்திருப்பவர் ஒரு வரியைத் தட்டுகிறார். விளக்கி அவ்வரியைப் படித்து, உரிய நிரலை அழைத்து இயக்குகிறது; வேலை முடிந்ததும் மீண்டும் அக்குறியை இட்டு அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கிறது. பார்வைக்கு அதன் தொழில் இவ்வளவே.

ஆயினும் இச்சிறு நிரலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதிலும் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. இடையில் நிற்கும் விளக்கி தானே செய்ய வேண்டியவை எவை? பிற நிரல்களுக்கு விட்டுவிட வேண்டியவை எவை? தன்னிடம் வரும் சொற்களுள் எதனை ஏவலாகக் கொள்வது, எதனை வெறும் பொருளாகக் கொள்வது? இதற்கு நல்ல விடை கண்டபோதெல்லாம் கணிப்பொறித் துறை வளர்ந்தது. எல்லை மயங்கியபோது பெருங்கேடு விளைந்தது. அதனை முறையாகக் காண்போம்.

அட்டைகளின் காலம்

1950ஆம் ஆண்டுகளில் கணிப்பொறியோடு உரையாடுவது பெரும்பாலோர்க்கு இயலாத செயல். நிரல் எழுதுவோர் அதனைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, அட்டைக் கட்டைப் பொறிக்கூடத்துப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவர். பணியாளர் பலருடைய கட்டுகளை வரிசையாகப் பொறிக்குள் செலுத்துவார். விடை அச்சாகிக் கைக்கு வரச் சில மணி நேரமாகலாம். ஒரு நாளும் ஆகலாம். நிரலில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அதனைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இன்ன நிரலை இயக்குக, இன்ன நாடாவை எடுத்துக்கொள்க என்று கூறும் கட்டுப்பாட்டு அட்டைகள் அந்நாளிலும் இருந்தன. எனினும் அவை ஒருமுறை எழுதி அனுப்பிவிட்ட கடிதம் போன்றவை. மறுமொழி கேட்டு, அதற்கேற்ப அடுத்த சொல்லைச் சொல்ல வழியில்லை.

இந்நிலையை மாற்ற எண்ணியவர்களுள் ஜான் மக்கார்த்தி ஒருவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், ஒரே கணிப்பொறியின் நேரத்தைப் பலருக்கும் சிறு சிறு கூறுகளாகப் பங்கிட்டு வழங்கலாம் என்று 1959 சனவரி 1ஆம் நாளிட்ட குறிப்பு ஒன்றில் எழுதினார். பொறியின் விரைவோடு ஒப்பிட்டால் மனிதன் சிந்திப்பதும் தட்டுவதும் மிக மெதுவானவை. ஒருவர் சிந்திக்கும் வேளையில் பொறி மற்றவர் வேலையைப் பார்க்கலாம். அதே கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் அமைந்த குழுவினர், 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 என்னும் பொறியில் இம்முறையை இயக்கிக் காட்டினர். காலப் பங்கீட்டு முறை அவ்வாறு செயலுக்கு வந்தது.

பொறியின் முன் மனிதன் நேராக அமர்ந்தவுடனே, அவன் சொல்வதைக் கேட்க ஒரு நிரல் தேவைப்பட்டது. அவன் தட்டும் வரியின் முதற்சொல் செய்யவேண்டிய தொழிலின் பெயர். பின்வருவன அத்தொழிலுக்கு உரிய பொருள்கள். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் வரும். இங்கோ ஆங்கில ஏவல் தொடரின் முறைப்படி வினை முதலில் நின்றது. அம்மரபே இன்றளவும் நிலைத்துள்ளது.

ஓடு என்னும் பெயர்

அக்குழுவில் லூயி புசான் என்னும் பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் பணியாற்றினார். நாள்தோறும் ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் தட்டிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு என்று அவர் கருதினார். அக்கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் அவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்படி ஒரு நிரலை 1963, 1964ஆம் ஆண்டுகளையொட்டி எழுதினார். அதன் பெயர் ‘ரன்காம்’. கட்டளைகளை இயக்குவது என்பது அதன் பொருள். இன்றும் யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் தொடக்க அமைப்புகளைக் கூறும் கோப்புகள் பலவற்றின் பெயர் ‘ஆர்சி’ என்று முடிவதைக் காணலாம். அஃது இந்த ரன்காம் விட்டுச் சென்ற எச்சமே.

இதிலிருந்து புசான் மேலும் ஒரு படி சென்றார். கட்டளைகளைக் கல்லும் செங்கல்லும் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதிய கட்டளைகளைக் கட்டலாம். அவ்வாறாயின் கட்டளைகளே ஒரு மொழியாகும் என்பது அவர் கருத்து. அம்மொழியைப் பொருள்கொள்ளும் நிரலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஷெல்’. ஷெல் என்றால் ஓடு. கொட்டையின் உள்ளே பருப்பு இருப்பதுபோல, நினைவகத்தையும் கருவிகளையும் ஆளும் மைய நிரல் உள்ளே இருக்கிறது. அதைச் சூழ்ந்து வெளியில் நிற்பது ஓடு. மனிதன் கை படுவது ஓட்டின்மீதுதான்.

அப்போது மாசசூசெட்ஸ் கழகமும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், பெல் ஆய்வுக்கூடமும் இணைந்து மல்டிக்ஸ் என்னும் பேரமைப்பைத் திட்டமிட்டு வந்தன. அதற்கான ஓடு எவ்வாறு அமைய வேண்டும் என்று புசான் 1965இல் எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் நாடு திரும்பினார். அதனை நிரலாக எழுதி முடித்தவர் கிளெண்டா ஷ்ரோடர் என்னும் பெண்மணி. பெயரிட்டவர் ஒருவர், உருவாக்கியவர் மற்றொருவர். வரலாறு கூறுவோர் பின்னவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

தாயும் சேயும்

மல்டிக்ஸ் பணி நீண்டுகொண்டே போயிற்று. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன், அவ்வாண்டே பி.டி.பி. 7 என்னும் சிறிய பொறி ஒன்றில் தாமே ஓர் அமைப்பை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிச்சி முதலியோர் உடன் நின்றனர். அதுவே யூனிக்ஸ்.

யூனிக்ஸில் கட்டளை விளக்கி தனியுரிமை எதுவும் பெறாத சாதாரண நிரல். மையத்தின் உள்ளே அதற்கு இடமில்லை. பிடிக்காதவர் அதனை நீக்கிவிட்டுத் தாம் எழுதிய வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். இஃது எளிய செய்தி போலத் தோன்றினும் இதன் பயன் மிகப் பெரிது. மையத்தை ஒரு வரியும் மாற்றாமல் விளக்கியை மட்டும் மாற்றலாம் என்பதனால், பின்னர் பலரும் பல வகை விளக்கிகளை எழுதிப் பார்த்தனர். சிறந்தவை நின்றன, மற்றவை மறைந்தன.

தொடக்கத்தில் விளக்கி ஒரு நிரலை அழைத்தால், அந்நிரல் விளக்கியின் இடத்திலேயே வந்து அமர்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் விளக்கியின் புதுப்படி ஒன்று மீண்டும் கொண்டுவரப்படும். பின்னர் இம்முறை மாறியது. ஓர் இயக்கம் தன்னைப்போலவே மற்றோர் இயக்கத்தைப் பெற்றெடுக்கும் வசதி சேர்க்கப்பட்டது. விளக்கி தாயாக நின்று ஒரு சேயைப் பெறும். சேய், அழைக்கப்பட்ட நிரலாக உருமாறி வேலையைச் செய்து முடித்து மறையும். தாய் அதுவரை காத்திருக்கும். இவ்வளவு பெரிய மாற்றத்துக்குத் தேவைப்பட்டவை 27 வரிகளே என்று ரிச்சி பிற்காலத்தில் எழுதினார்.

இம்மாற்றத்தைச் செய்தவுடன் ஒரு விந்தை நிகழ்ந்தது. பயனாளர் தாம் பணிபுரியும் கோப்பகத்தை மாற்றிக்கொள்வதற்கு ஒரு கட்டளை இருந்தது. அதுகாறும் ஒழுங்காக இயங்கிவந்த அக்கட்டளை, திடீரெனப் பயனற்றுப் போயிற்று. கட்டளையைத் தட்டினால் பிழை ஒன்றும் வரவில்லை, இடமும் மாறவில்லை. நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தனர். பிறகே உண்மை விளங்கியது. கட்டளை தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் இடம் மாறியது சேய். மாறியவுடன் அது மறைந்துவிட்டது. காத்திருந்த தாயோ பழைய இடத்திலேயே நின்றது.

ஆகவே இடம் மாற்றும் கட்டளையை மட்டும் விளக்கி வேறு நிரலுக்கு விடாமல் தானே செய்யும்படி அமைத்தனர். இதிலிருந்து ஒரு விதி பிறந்தது. விளக்கியின் சொந்த நிலையை மாற்ற வேண்டிய கட்டளைகள் விளக்கியின் உள்ளேயே இருத்தல் வேண்டும்; ஏனையவை வெளியே தனி நிரல்களாக இருக்கலாம். இன்று புதிதாகக் கட்டளை விளக்கி எழுதுவோரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

குறியும் குழாயும்

அடுத்து, ஒரு நிரலின் வெளியீடு எங்கே செல்ல வேண்டும் என்பதைக் காண்போம். மல்டிக்ஸிலும் வெளியீட்டைத் திரையிலிருந்து கோப்புக்குத் திருப்ப முடிந்தது. ஆயினும் அதற்கு மூன்று வரிகள் வேண்டும். வெளியீட்டைக் கோப்போடு இணைக்க ஒன்று, நிரலை இயக்க ஒன்று, வெளியீட்டைப் பழைய இடத்துக்கே மீட்க மற்றொன்று. தாம்சனின் விளக்கியில் ‘>’ என்னும் ஒரே குறி இவ்வேலையைச் செய்தது. குறியைத் தொடர்ந்து கோப்பின் பெயரை எழுதினால் போதும். சேய் பிறந்த பின்னரும் நிரலாக உருமாறுவதற்கு முன்னரும் உள்ள சிறு இடைவெளியில் விளக்கி வெளியீட்டைத் திருப்பிவிடும். நிரலுக்கோ தன் எழுத்து திரைக்குச் செல்கிறதா, கோப்புக்குச் செல்கிறதா என்பதே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் 1964ஆம் ஆண்டிலேயே ஒரு கருத்தைக் குறித்து வைத்திருந்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று திருகி நீட்டுவதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்பது அது. ஆண்டுகள் பல அவர் இதனை வலியுறுத்தி வந்தார். முடிவில் தாம்சன் ஓர் இரவில் அதனை அமைப்பில் சேர்த்துவிட்டார் என்பர். 1973 பிப்ரவரியில் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் குழாய் இடம்பெற்றுள்ளது.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பள்ளியின் பெயர்ப் பட்டியலில் வெவ்வேறு பெயர்கள் எத்தனை என்று அறிய வேண்டும் என்க. பெயர்களை அகர வரிசைப்படுத்தும் நிரல் ஒன்று உண்டு. அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளுள் ஒன்றை மட்டும் நிறுத்தும் நிரல் வேறொன்று. வரிகளை எண்ணுவது மூன்றாவது. இம்மூன்றையும் குழாயால் இணைத்தால் விடை கிடைக்கும். இதற்கெனத் தனி நிரல் எழுத வேண்டுவதில்லை. நிரல் ஒவ்வொன்றும் ஒரு தொழிலையே அறியும். அவற்றைக் கோவைப்படுத்துவதே விளக்கியின் தொழில்.

குழாய்க்கு முதலில் வைத்த குறியும் அந்த ‘>’ என்பதே. எனவே அதன் பின்வரும் சொல் கோப்பின் பெயரா, மற்றொரு நிரலின் பெயரா என்னும் ஐயம் எழுந்தது. அக்குறி தனக்கு அடுத்த ஒரு சொல்லையே பற்றும் ஆதலால், அடுத்த நிரலுக்குக் கூடுதல் சொற்கள் இருப்பின் அவற்றையெல்லாம் மேற்கோட் குறிக்குள் அடைக்க வேண்டியிருந்தது. இலக்கணம் கற்றோர் ‘தாமரை’ என்பது மலரையும் குறிக்கும், ‘தாவுகின்ற மரை’ என்றும் பிரியும் என்பதை அறிவர். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு, பொறிக்கு இல்லை. ஆகவே சில திங்களிலேயே அம்முறையைக் கைவிட்டு, குழாய்க்கென ‘|’ என்னும் நெடுங்கோட்டைத் தனிக்குறியாக வைத்தனர். ஒரு குறிக்கு ஒரு பொருள் என்னும் தெளிவு அதனால் கிட்டியது.

உடுக்குறி யார் பொறுப்பு?

பல கோப்புகளை ஒரே சொல்லால் சுட்டுவதற்கு ‘*’ என்னும் உடுக்குறியைப் பயன்படுத்துவது வழக்கம். ‘பாடம்*’ என்றால் பாடம் என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தும் என்று பொருள். இக்குறியை விரித்து உண்மைப் பெயர்களாக மாற்றுவது யார் கடமை? விளக்கியா, அழைக்கப்படும் நிரலா?

யூனிக்ஸில் அது விளக்கியின் பக்கத்து வேலை. தாம்சன் காலத்தில் விளக்கி இதற்கெனத் தனியே ஒரு துணை நிரலை அழைத்தது. பிற்கால விளக்கிகள் தாமே செய்தன. எவ்வாறாயினும், அழைக்கப்படும் நிரலின் கைக்கு விரிந்த பெயர்களே போய்ச் சேரும். 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியோடு வந்த டாஸ் அமைப்பில் நிலைமை வேறு. அதன் விளக்கி உடுக்குறியைத் தொடாமல் அப்படியே நிரலிடம் ஒப்படைத்துவிடும். பொருள்கொள்வது நிரலின் பொறுப்பு.

இரண்டிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. யூனிக்ஸ் முறையில் எல்லா நிரல்களுக்கும் உடுக்குறி ஒரே பொருளைத் தரும். நிரல் எழுதுவோர் அதனைப் பற்றி எண்ணவே வேண்டுவதில்லை. டாஸ் முறையில் ஒவ்வொரு நிரலும் தானே விரித்தாக வேண்டும்; விரிக்கத் தெரியாத நிரலுக்கு உடுக்குறியால் பயனில்லை. ஆனால் எல்லாக் கோப்புகளையும் அழிக்குமாறு டாஸில் கட்டளையிட்டால், அழிக்கும் கட்டளை உடுக்குறியைக் கண்டு, ‘உறுதிதானா?’ என்று கேட்கும். யூனிக்ஸில் அழிக்கும் நிரலுக்குத் தெரிவதெல்லாம் நீண்ட பெயர்ப் பட்டியலே. பயனாளர் ஒவ்வொரு பெயரையும் எண்ணிப் பார்த்துத் தட்டினாரா, அல்லது கைதவறி ஓர் உடுக்குறியை இட்டாரா என்பதை அறிய அதற்கு வழியில்லை. அதனால் இழந்த கோப்புகளுக்கு வருந்தியோர் பலர்.

விளக்கி ஒரு சொல்லை மாற்றித் தரும்போது, சொன்னவரின் எண்ணத்தில் ஒரு பகுதி வழியிலேயே உதிர்ந்துபோகிறது. மொழிபெயர்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது. வசதிக்காக எதனை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பதே வடிவமைப்போர் கடமை.

உரையாடலும் எழுத்தும்

தாம்சனின் விளக்கி உரையாடலுக்கு எழுதப்பட்டது. விரைவில் மக்கள் அதனைக் கொண்டு கட்டளைக் கோப்புகளையும் எழுதத் தொடங்கினர். கோப்பாக எழுதும்போது ‘இன்னது நேர்ந்தால் இதைச் செய்’, ‘இதனைப் பலமுறை செய்’ என்னும் அமைப்புகள் வேண்டும். தாம்சன் அவற்றையும் விளக்கிக்குள் புகுத்தவில்லை. நிபந்தனை பார்ப்பது ஒரு தனி நிரல். கோப்பின் மற்றோரிடத்துக்குத் தாவச் செய்வதும் ஒரு தனி நிரல். இத்தாவும் நிரல் செய்தது வியப்பான செயல். விளக்கி படித்துக்கொண்டிருக்கும் கோப்பையே அதுவும் படித்து, உரிய அடையாளம் உள்ள இடம்வரை படிக்கும் இடத்தை நகர்த்தி வைத்துவிட்டு மறைந்துவிடும். விளக்கி ஒன்றும் அறியாமல் அங்கிருந்து படிப்பைத் தொடரும்.

எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு. கட்டளைக் கோப்புகள் நீண்டு வளர்ந்தபோது இவ்வமைப்பு போதவில்லை. 1970களின் நடுவில் ஜான் மேஷி விளக்கிக்குள் மாறிகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் சேர்த்தார். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் பார்ன் எழுதிய விளக்கி வெளிவந்தது. அவர் அதற்கு முன்னர் அல்கால் 68 என்னும் மொழியில் பணியாற்றியவர். அம்மொழியின் வழக்கப்படி, ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனைத் தொடரை அச்சொல்லைத் திருப்பி எழுதி ‘ஃபி’ என்று முடித்தார். ‘டூ’ என்று தொடங்குவதை மட்டும் ‘ஓடி’ என்று முடிக்க இயலவில்லை. கோப்பை எட்டடி எண்களில் காட்டும் நிரல் ஒன்றுக்கு ஏற்கெனவே அப்பெயர் இருந்தது. ஆதலின் அங்கு மட்டும் ‘டன்’ என்னும் வேறு சொல் வந்தது. வெளியில் உள்ள ஒரு சிறு நிரலின் பெயர் மொழியின் இலக்கணத்தையே வளைத்தது.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் வேறொரு விளக்கியை எழுதினார். முன்பு தட்டிய வரியை மீண்டும் அழைக்கும் வசதி, நீண்ட கட்டளைக்குக் குறும்பெயர் இடும் வசதி, ஒரு வேலையை இடையில் நிறுத்தி வைத்துப் பின்னர் தொடரும் வசதி ஆகியவை அதனால் பரவின. உரையாட விரும்பியோர் ஜாயின் விளக்கியை நாடினர். கட்டளைக் கோப்பு எழுதுவோர் பார்னின் விளக்கியை விடவில்லை.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் போல, விரல்நுனியில் விரைந்து தட்டுவதற்கு ஒரு நடையும், நின்று நிலைக்க எழுதுவதற்கு ஒரு நடையும் தேவைப்பட்டன. இரண்டையும் ஒரே விளக்கியில் இணைக்கும் முயற்சியில் 1983இல் டேவிட் கார்ன் தம் விளக்கியை வெளியிட்டார். 1989இல் பிரையன் பாக்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக ‘பாஷ்’ என்னும் விளக்கியை எழுதினார். பார்னின் பெயரை வைத்தே சொல் விளையாட்டாக அமைந்தது அப்பெயர். 1992இல் விளக்கியின் மொழிக்குப் ‘போசிக்ஸ்’ என்னும் பொதுத் தரமும் வகுக்கப்பட்டது.

இருமுறை படித்தலின் கேடு

ஒரு வரி விளக்கியின் கைக்கு வந்ததும் நிகழ்வனவற்றை இங்குச் சுருங்கக் காண வேண்டும். முதலில் வரியைச் சொற்களாகப் பிரிக்கிறது. ‘|’, ‘>’ போன்ற குறிகளைத் தனியே அறிகிறது. பின்னர் மாறிகள் உள்ள இடத்தில் அவற்றின் மதிப்பை வைக்கிறது. அடுத்து, அவ்வாறு வைத்த மதிப்பை இடைவெளி கண்டவிடத்து மீண்டும் சொற்களாகப் பிரிக்கிறது. அதன்பின் உடுக்குறியை விரிக்கிறது. இறுதியில் நிரலை அழைக்கிறது.

இவற்றுள் மூன்றாம் படியே பெருந்தொல்லைக்கு ஊற்று. ஒரு மாறியில் ‘மாணவர் பட்டியல்’ என்னும் கோப்பின் பெயர் இருப்பதாகக் கொள்வோம். அம்மாறியைச் சுட்டி, அக்கோப்பை அழிக்குமாறு கட்டளைக் கோப்பில் எழுதியுள்ளனர். விளக்கி மதிப்பை வைத்துவிட்டு மறுபடியும் பிரிக்கிறது. ‘மாணவர்’ ஒன்று, ‘பட்டியல்’ ஒன்று என இரு சொற்கள் ஆகிவிடுகின்றன. அழிக்க நினைத்த கோப்பு அழியாது. அவ்விரு பெயர்களில் வேறு கோப்புகள் இருந்தால் அவை அழியும். செய்யுளில் சீர் பிரிந்த இடத்தையே சொல் பிரிந்த இடமாகக் கொண்டு பொருள் கூறும் மாணவனின் பிழையை ஒத்தது இது. மாறியை மேற்கோட் குறிக்குள் இட்டால் இத்தொல்லை இல்லை. ஆனால் குறி இட மறப்பது மனித இயல்பு. மறந்தால் கேடு விளையும் வகையில் அமைந்த இலக்கணம் நல்ல இலக்கணமாகாது.

பெல் ஆய்வுக்கூடத்தில் டாம் டஃப் என்பவர் இக்குறையின் வேரை நாடினார். 1990இல் அவர் விவரித்த ‘ஆர்சி’ என்னும் விளக்கியில், உள்ளீட்டை ஒருமுறைக்கு மேல் சொற்பிரிக்கக் கூடாது என்பது தலையாய நெறி. வேண்டுமென்றே மறுபடி படிக்கச் சொன்னாலன்றி அது மறுபடி படிக்காது. மாறியின் மதிப்பு ஒரு நீண்ட எழுத்துச் சரமாக இராமல், சொற்களின் வரிசையாகவே இருக்கும். ஒருமுறை ஒரு சொல் என்று கொண்டது இறுதிவரை ஒரு சொல்லே. நெறி சிறந்ததாயினும் இவ்விளக்கி பரவலாக வழங்கவில்லை. உலகில் அதற்குள் எழுதப்பட்டிருந்த கட்டளைக் கோப்புகள் பலவும் பார்னின் இலக்கணத்தைச் சார்ந்தவை. பழகிய இலக்கணத்தை மாற்றுவது எளிதன்று.

சொல்லுக்கும் ஏவலுக்கும் இடையே உள்ள எல்லை முற்றிலும் உடைந்தால் நேர்வது யாது என்பதை 2014இல் உலகம் கண்டது. ஓர் இயக்கம் தன் சேய்க்குச் சில பெயர்களையும் மதிப்புகளையும் பரம்பரைச் சொத்துப்போல விட்டுச் செல்லும். இவற்றைச் சூழல் மாறிகள் என்பர். பாஷ் விளக்கி, தான் வகுத்த சிறு செயற்கூறுகளையும் இவ்வழியாகவே சேய்க்கு அனுப்பியது. சேயாகப் பிறக்கும் பாஷ், குறிப்பிட்ட அடைப்புக்குறிகளோடு தொடங்கும் மதிப்பைக் கண்டால், அதனைச் செயற்கூறாகக் கொண்டு படிக்கும். பிழை யாதெனின், செயற்கூறு முடிந்த இடத்தில் படிப்பு நிற்கவில்லை. அதனைத் தொடர்ந்து எது எழுதப்பட்டிருந்தாலும் அதனையும் ஏவலாகக் கொண்டு நிறைவேற்றியது.

இணையத் தளங்களை நடத்தும் கணிப்பொறிகள் சில, தம்மை நாடி வருவோரின் உலாவிப் பெயர் முதலிய விவரங்களைச் சூழல் மாறிகளில் இட்டுப் பிற நிரல்களுக்கு அனுப்புவது வழக்கம். ஆகவே எங்கோ இருக்கும் ஒருவர், உலாவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், அப்பொறி அதற்குக் கீழ்ப்படிந்துவிடும். வாயிலில் பெயர் என்னவென்று கேட்டவரிடம் ‘கதவைத் திற’ என்று விடையளிக்க, அவர் கதவைத் திறந்துவிட்டதை ஒத்தது இது. 1989 முதல் இருந்துவந்த இக்குறையை ஸ்டெபான் சாசலா என்பவர் கண்டறிந்தார். 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செய்தி வெளியானது. ‘ஷெல்ஷாக்’ என்று அதற்குப் பெயரிட்டனர். முதலில் வந்த திருத்தம் போதாமல், அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. தனி அடையாளம் உடைய பெயர்களிலிருந்து மட்டுமே செயற்கூறுகளை ஏற்பது என்று பின்னர் வரையறுத்தனர். 25 ஆண்டுகள் பலர் கண்முன் திறந்து கிடந்த நிரலில் இக்குறை மறைந்திருந்தது.

வரலாறு காட்டும் நெறி

2006இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘பவர்ஷெல்’, குழாயின் வழியே எழுத்துகளுக்கு மாறாக, பெயரும் பண்பும் உடைய பொருள்களையே அனுப்பியது. பெயர் எது, அளவு எது, நாள் எது என்று அடுத்த நிரல் எழுத்தைப் பிரித்துத் தேட வேண்டிய தேவை அதனால் குறைந்தது. இதுவும் பிரித்தலின் தொல்லையைத் தீர்க்க எழுந்த ஒரு விடையே.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன. விளக்கி மையத்தின் உள்ளே புகாமல் வெளியே நின்றதனால் அது வளர்ந்தது. தான் எல்லாம் செய்ய முற்படாமல் சிறு நிரல்களைக் கோவைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டதனால் பிறவும் வளர்ந்தன. தன்னிடம் பொருளாக வந்ததை ஏவலாகக் கொண்டபோது அதனை நம்பியிருந்தோர் அனைவர்க்கும் தீங்கு நேர்ந்தது.

புசான் ஓடு என்று பெயரிட்டது பொருத்தமே. ஓடு உள்ளிருக்கும் பருப்பைக் காக்க வேண்டும். அதே வேளையில் வெளியிலுள்ளோர் கைக்கும் எட்ட வேண்டும். வேண்டுவதை உள்ளே விடுவதும் வேண்டாததைத் தடுப்பதும் அதன் இரு கடமைகள். கட்டளை விளக்கியைப் புதிதாக வடிவமைக்க முனைவோர், எத்தனை வசதிகளைச் சேர்க்கலாம் என்று எண்ணும் முன்னர், எந்தச் சொல்லை ஏவலாகக் கொள்ளக்கூடாது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை பிழைபட்டால் திருத்துவது எத்துணைக் கடினம் என்பதற்கு, மாறியைச் சுற்றி இன்றும் மறவாமல் இட வேண்டியிருக்கும் அந்த மேற்கோட் குறியே சான்று.